டெஸ்டிங் அண்ணனின் காலி கேசட் பெட்டி

உலகத்தில் பழைய காசு சேர்க்கிறவர்கள் எல்லாரும் காசைக் கண்ணால் பார்க்கிறார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள், வெயிலில் சாய்த்துப் பார்ப்பார்கள், போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். காசைக் காதால் பார்க்கிற ஒரே மனிதர் கேரளத்தின் தென்கோடியில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் குடியிருக்கிறார். அதுவும் தன் காது மட்டும் கேட்டால் அவருக்குப் போதாது. நாலு கோளாம்பி கட்டி ஊரே கேட்க வேண்டும். கோளாம்பி என்றால் எங்கள் பக்கத்தில் கூம்பு ஸ்பீக்கர்.

அவருக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். நான் பார்த்ததில்லை. மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். கோயில் கொடை, கிறிஸ்தவ சபைக் கன்வென்ஷன், கல்யாணம், கட்சிக் கூட்டம், காணாமல்போன ஆடு, எல்லாவற்றுக்கும் அவர்தான். எதைத் தொடங்கும் முன்பும் மைக்கைப் பிடித்து, "ஹலோ, டெஸ்டிங், டெஸ்டிங்" என்பார். முப்பது வருஷமாகச் சொன்னதில் அது அவர் பெயராகவே ஆகிவிட்டது. சின்னப் பிள்ளைகள் முதல் பாதிரியார் வரை அவர் 'டெஸ்டிங் அண்ணன்'. அவர் மனைவியும் மார்க்கெட்டில் 'டெஸ்டிங் அக்கா'தான்.

அண்ணன் எல்லாக் காசும் சேர்க்க மாட்டார். திருவிதாங்கூர் ராஜா காலத்துச் சக்கரக் காசைக் கொண்டுபோய் நீட்டினால், "வச்சிக்கோ, கொள்ளாம்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அவருக்கு வேண்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வெள்ளி டாலர். அதிலும் ஒரே ஒரு வகை. கீழைநாட்டு வியாபாரத்துக்கென்றே அடித்துக் கப்பலேற்றிய டாலர் அது. ஒரு பக்கம், பருத்திப் பொதிகளின் மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக் கை நீட்டுகிற ஒரு பெண். மறுபக்கம், சிறகு விரித்த கழுகு. அண்ணன் அந்தப் பெண்ணை 'அமெரிக்காக்காரி' என்பார். கடல் தாண்டிச் சீனாவுக்கும் பினாங்குக்கும் போனவள், பினாங்கிலிருந்து திரும்பிய நம்மூர்க்காரர்களின் டிரங்குப் பெட்டிக்குள் ஏறி இங்கே வந்து இறங்கியிருக்கிறாள் என்பது அவர் கணக்கு. குளத்தூரிலிருந்து களியக்காவிளை வரை எங்கே பழைய வீடு இடித்தாலும், இடிக்கிற ஆளுக்கு முன்னால் அண்ணன் முற்றத்தில் நிற்பார்.

நான் அவரை முதன்முதலில் சந்தித்தது சண்டை போடுவதற்காக. தனுவச்சபுரத்தில் பி.எஸ்சி. பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பரீட்சை. எங்கள் வீட்டு முன்னால் உள்ள பலா மரத்தில் ஏறி, பக்கத்துச் சபைக் கன்வென்ஷனுக்காக ஒரு கோளாம்பியை மிகச் சரியாக என் ஜன்னலுக்குள் பார்க்கும்படி கட்டிக்கொண்டிருந்தார் மனிதர்.

"அண்ணே, அத அந்தப் பக்கம் திருப்பணும். எனக்கு நாளைக்குப் பரீட்சையாக்கும்" என்று கீழே நின்று கத்தினேன்.

"என்ன பாடம் பிள்ளே?"

"ஒலியியல்."

மரம் குலுங்கச் சிரித்தார். "சத்தத்தப் பத்திப் படிக்கதுக்கு ஒனக்குச் சத்தம் வேண்டாமாக்கும்? நல்ல கூத்து!"

இறங்கி வந்தார். சட்டைப் பையிலிருந்து, தோசைக்கல் மாதிரி கறுத்துப்போன ஒரு வட்டத்தை எடுத்தார். ஆள்காட்டி விரல் நுனியில் அதை நிறுத்தி, காதிலிருந்த பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

டிங்ங்ங்.

"எண்ணு" என்றார். எண்ணினேன். ஆறு வரை எண்ணியும் அந்தச் சத்தம் நின்றபாடில்லை. "வெள்ளீண்ணா நிக்கும் மக்கா. கள்ளம்ண்ணா ஒடனே செத்துப்போவும்" என்று சொல்லி, காசைப் பையில் போட்டு, மறுபடியும் மரத்தில் ஏறிவிட்டார். கோளாம்பி திரும்பவே இல்லை என்பது பாதி ராத்திரிப் பிரசங்கத்தின்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தாளில் எனக்கு வந்த மார்க்கைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

எனக்கு எதுவும் சட்டென்று பற்றிக்கொள்ளும். அதற்கு முந்தின வருஷம் கித்தார், அதற்கும் முன்னால் காளான் வளர்ப்பு. அந்த வாரமே இணையத்தில் ஓர் 'அசல் அமெரிக்க வெள்ளி டாலர்' வரவழைத்து, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அவர் அதைத் தட்டவே இல்லை. மூலையில் கிடந்த செத்த ஸ்பீக்கர் ஒன்றின் காந்தத்தின் பக்கத்தில் கொண்டுபோனார். என் டாலர் அவர் கையிலிருந்து தாவிப்போய்ப் பிள்ளையைப்போல் ஒட்டிக்கொண்டது.

"அமெரிக்காக்காரிக்குக் காந்தத்துமேல இவ்வளவு பிரியம் கெடையாது" என்றார். "இது குக்கர் மூடி பிள்ளே. சோறு பொங்குகதுக்கு ஆவும்."

வாசலில் மீன் நறுக்கிக்கொண்டிருந்த டெஸ்டிங் அக்கா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "ஒனக்கு இந்த ஒண்ணோட புத்தி வந்தா நல்லது மக்கா. இந்த மனுசனுக்கு நான் ஒருத்தி போதாதுண்ணு ஏழு அமெரிக்காக்காரியள அலமாரியில வச்சிருக்காரு. ஒருத்தியாவது ஒரு நாள் மீன் கழுவித் தந்திருப்பாளா, கேளு!"

ஏழு பேரும் இருந்தது கேசட் பெட்டிகளில். பாட்டுக் கேசட் போன பிறகு மிஞ்சிய பிளாஸ்டிக் பெட்டிகளை அண்ணன் வீணாக்கவில்லை. உள்ளே பஞ்சு, பஞ்சின் மேல் காசு. முன்னாலிருக்கும் அட்டையில் பாட்டுப் பெயர் எழுதுகிற இடத்தில், 'ஏ சைடு: அம்மை. பி சைடு: கழுகு' என்று அழகான கையெழுத்து. கீழே வருஷம், காசு அடித்த ஊரின் எழுத்து. ஒருபோதும் தேய்க்க மாட்டார், துடைக்க மாட்டார். "அவளுக்கு வயசு நூத்தம்பது ஆவப்போவுது. மூஞ்சியில பவுடர் போட நீ யாரு?" என்பார்.

எட்டாவதாக ஒரு பெட்டியும் இருந்தது. பஞ்சு இருந்தது, அட்டை இருந்தது, 'ஏ சைடு: அம்மை. பி சைடு: கழுகு' இருந்தது. '1878, சி.சி.' என்றும் எழுதியிருந்தது. காசு மட்டும் இல்லை. கழுகின் காலுக்குக் கீழே 'சி.சி.' என்று எழுத்து விழுந்தால் கார்சன் சிட்டி என்ற ஊரில் அடித்தது என்று அர்த்தம். அந்த வருஷத்து சி.சி. கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் விலை லட்சத்தைத் தாண்டும். மைக் செட்காரர் எங்கே போவார்? இருபது வருஷமாகப் பெட்டியைத் திறந்து பஞ்சை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார்.

"வருவாளா அண்ணே?" என்று கேட்டேன்.

"பெட்டி தெறந்துதானே இருக்கு" என்றார்.

காசைக் காதால் பார்க்கிறவரிடம் நூறு வாட் ஆம்ப்ளிஃபயரும் இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டும். வேலை நடுவில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் போதும், பையிலிருப்பவளை எடுத்து மைக் முன்னால் ஒரு தட்டுத் தட்டுவார். "சின்ன குறை இருந்தாலும் கோளாம்பியில தெரிஞ்சு போவும்" என்பது அவர் கொள்கை. ஒரு முறை சபைக் கல்யாணம். பாதிரியார் பெண்ணைப் பார்த்து, "இவரை உன் கணவராக ஏற்றுக்கொள்ள" என்று மூச்சு வாங்கிய இடைவெளியில், நாலு கோளாம்பியிலும் டிங்ங்ங். மணிதான் அடிக்கிறது என்று நினைத்து மாப்பிள்ளை பதறி, "சம்மதம்!" என்றான். பெண்ணைக் கேட்ட கேள்விக்கு அவன் சொன்ன பதில் அப்படியே வீடியோவில் இருக்கிறது. இன்னொரு முறை பகவதி கோயில். மாலையில் நடை திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. டிங்ங்ங். தீபாராதனை என்று எண்ணி முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் செருப்பை உதறிவிட்டுக் கைகூப்பிவிட்டார்கள். அண்ணன் உடனே மைக்கில், "கைய எறக்குங்க, இது அமெரிக்காக்காரியாக்கும்" என்று அறிவித்தார்.

அந்த 'உடனே' முக்கியம். ஏனென்றால் அண்ணனுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. அவர் மைக்கில் பொய் போகக் கூடாது. வாடகைக்கு எடுத்தவர் யாராக இருந்தாலும் சரி. ஒரு கட்சிக் கூட்டத்தில் தலைவர், "இங்கே திரண்டிருக்கிற ஆயிரக்கணக்கான மக்களே" என்று தொடங்கினார். பின்னாலிருந்து இன்னொரு மைக் கரகரத்தது: "ஹலோ, நாற்காலி நூத்தி இருபதாக்கும் போட்டது. இருபது காலி." அந்தக் கட்சி அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடவில்லை. எதிர்க்கட்சி ஆசையாகக் கூப்பிட்டது. அங்கே நாற்காலி எண்பது. அவர்களும் விட்டுவிட்டார்கள்.

"எதுக்கு அண்ணே வம்பு? சொன்னவன் சொல்லிட்டுப் போறான்" என்றேன்.

"சொன்னது அவன். ஆனா ஊரு முழுக்கக் கொண்டுபோறது எனக்க கோளாம்பி இல்லியா? கள்ளம் பறையணும்ண்ணா வெறும் வாயால பறையட்டும். யாரு வேண்டாம்ண்ணா?"

போன வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு வருவோம். எங்கள் பக்கத்துச் சபைகளில் அன்றைக்கு ஏலம் நடக்கும். விளைந்தது, வளர்த்தது, சமைத்தது எதையும் ஆட்கள் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஒரு முட்டை நானூறு ரூபாய்க்குப் போகும். யாருக்கும் முட்டை மேல் ஆசை இல்லை. சபைக்குக் கொடுக்கிற பெருமை, பக்கத்து வீட்டுக்காரனை விட ஒரு ரூபாய் கூடக் கேட்கிற சுகம். எடுத்தவர் பெருந்தன்மையாக, "மறு ஏலம்!" என்று அதையே திருப்பிக் கொடுப்பதும் உண்டு. ஒரே சேவல் ஒரே மத்தியானத்தில் மூன்று பேருக்குச் சொந்தமாகி, கடைசியில் சபையிலேயே நின்று கூவும். மதம் பாராமல் அன்றைக்கு ஊரே அந்த வளாகத்தில்தான். நானும் போயிருந்தேன்.

சபைச் செயலாளர் ஓய்வுபெற்ற தமிழ் சார். ஏலம் விடுவதில் சூரர். அண்ணன் மேசைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்திருந்தார். பலாப்பழம் போனது, மரச்சீனிக் கிழங்கு போனது, ஒரு ஜோடி வாத்து போனது. அடுத்து செயலாளர் காணிக்கைக் கவர் ஒன்றைக் கவிழ்த்தார். கறுத்த வட்டம் ஒன்று மேசையில் உருண்டு, கழுகு மேலே தெரிய அண்ணன் முன்னால் விழுந்தது. அவர் அதை ஒரு விரலால் புரட்டி, மறுபக்கத்தில் வருஷத்தையும் பார்த்தார்.

அண்ணனின் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை. மெதுவாகத் திரும்பி என்னைத் தேடிப் பிடித்தார். மடியில் வைத்திருந்த கையில் இரண்டு விரலை வளைத்துக் காட்டினார், ஒரு முறை, இன்னொரு முறை. சி. சி. வாயைத் திறந்துவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"அடுத்ததாக, மகாராணி படம் போட்ட பழைய வெள்ளி ரூபா ஒன்று!" என்றார் செயலாளர்.

யாரும் திரும்பக்கூட இல்லை. அடுத்து அடைப் பாயசம் வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவர் ஐம்பது என்றார். அண்ணன், மைக்கை விட்டுத் தள்ளி, வெறும் வாயால், "நூறு" என்றார்.

"நூறு ரூபா, ஒரு தரம்!"

பாயசப் பானையின் மூடி திறக்கிற சத்தம் மட்டும்.

"நூறு ரூபா, ரெண்டு தரம்!"

இன்னும் ஒரு தரம். இருபது வருஷத்துப் பஞ்சுக்கும் காசுக்கும் நடுவில் அந்த ஒரு தரம்தான். செயலாளருக்கோ நூறு ரூபாயில் முடிக்க மனமில்லை. ஏலத்தைச் சூடாக்க ஒரு கதை விட்டார். "யோசிச்சுக் கேளுங்க! மகாராணி தன்னுடைய கையாலே நம்ம மிஷன் துரைக்குக் கொடுத்த ரூபாயாக்கும் இது!"

அது நாலு கோளாம்பியிலும் போனது. தென்னந்தோப்பைத் தாண்டிப் போனது.

நான் அண்ணனைப் பார்த்தேன். வலது கை ஸ்விட்சை நோக்கிப் போகிறது, இடது கை வலது கையைப் பிடித்து இழுக்கிறது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. கண்ணை மூடினார், உதட்டைக் கடித்தார். செயலாளர் 'மூணு தரம்' சொல்வதற்காக வாயைத் திறந்துவிட்டார்.

"ஹலோ."

முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஹலோ, சாரே. அது ராணி இல்ல. ரூபாயும் இல்ல. அது அமெரிக்காக்காரன் அடிச்ச டாலராக்கும். ஆயிரத்தி எண்ணூத்தி எழுபத்தெட்டு, கார்சன் சிட்டி." அப்புறம் நிறுத்த முடியவில்லை. பருத்திப் பொதி, கழுகு, பினாங்கு, எல்லாம் சொன்னார். கடைசியில் காசை விரல் நுனியில் நிறுத்தி, காதுப் பென்சிலை எடுத்து, மைக் முன்னால் ஒரு தட்டு. டிங்ங்ங். அலமாரியிலிருந்த ஏழு பேரையும் கேட்டிருக்கிறேன். இது மாதிரிக் கேட்டதில்லை. பாயசம் விளம்பிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் ஒன்பது வரை எண்ணினேன்.

"அப்படியானா இதுக்கு விலை வல்லதும் வருமா?" என்றார் செயலாளர், மைக்கிலேயே.

அண்ணன் இப்போதாவது சும்மா இருக்கலாம். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லலாம். "லட்சம் தாண்டும் சாரே" என்றார்.

அதற்கு மேல் விவரிப்பானேன். முன்வரிசையில் துபாய் ஜஸ்டின் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். லீவுக்கு வந்த ஆள், இன்னும் சென்ட் வாசம்கூடப் போகவில்லை. "இருபத்தஞ்சாயிரம்" என்றான். அண்ணன் முப்பது என்றார். நாற்பது. நாற்பத்தொண்ணு. அறுபது. அண்ணன் எழுந்து நின்று, "அறுபதும், எனக்க பெரிய ஆம்ப்ளிஃபயரும்" என்றார். கூட்டம் கைதட்டியது. ஜஸ்டின் ஒரு லட்சத்து ஐயாயிரம் என்றான். அண்ணன் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று தரமும் முடிந்தது. ஜஸ்டின் காசைத் தூக்கிக் காட்டினான். கைதட்டல் ஓயவில்லை. அந்தக் கைதட்டலில் எந்த மனிதனுக்கும் தலை கொஞ்சம் சுற்றும். "நான் இத வச்சு என்ன செய்ய? சபைக்கே இருக்கட்டும். அடுத்த வருசம் மறு ஏலம்!" என்று கத்தினான். பாதிரியார் காசை வாங்கி, திருவிருந்துக் கிண்ணம் இருக்கிற இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

வயரைச் சுருட்டும்போது டெஸ்டிங் அக்கா வந்தாள். "வாயப் பூட்டிட்டு இருந்தா நூறு ரூவாயில வீட்டுக்கு வந்திருப்பாளே ஓய்! ஒரு நிமிசம்! ஒரு நிமிசம் சும்மா இரிக்க ஒமக்கு முடியல்லியா?"

"வந்திருப்பா" என்றார் அண்ணன், வயரிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா ஊருக்காரனுக்கெல்லாம் அவ ராணியாயிட்டுல்லா இருந்திருப்பா?"

அக்கா குனிந்து வயரின் மறுமுனையை எடுத்துச் சுற்றத் தொடங்கினாள்.

ஒரு வாரம் அவர் வீட்டுப் பக்கம் போக எனக்குத் தைரியம் வரவில்லை. போனபோது எட்டாவது பெட்டி மேசைமேல் மூடியிருந்தது. தூக்கிப் பார்த்தேன். கனத்தது. திடுக்கிட்டுத் திறந்தால், உள்ளே பஞ்சு இல்லை, நிஜமாகவே ஒரு கேசட்.

"அன்னைக்கு ஏலத்த ரெக்கார்டு பண்ணினேன். சபைக்குக் குடுக்கணும்ண்ணு" என்று கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். "அந்தத் தட்டு மட்டும் தனியா எடுத்திருக்கேன்."

பழைய டேப் ரெக்கார்டரில் போட்டுக் காட்டினார். டிங்ங்ங். முழு ஏ சைடும் அந்த ஒரே சத்தம்தான், திரும்பத் திரும்ப. பி சைடும் அதுதானா என்று கேட்டேன். "பின்ன? கழுகுக்கும் ஒரு பக்கம் வேண்டாமா?" என்றார்.

நான் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறேன். காசு ஆசை எப்போதோ விட்டுப்போய், தற்சமயம் மலையேற்றத்தில் இருக்கிறேன். இந்த வருஷ அறுப்பின் பண்டிகைக்கு லீவு போட்டு ஊருக்குப் போனேன். வாடகை வாங்காமல் மைக் கட்டுகிறாராம் அண்ணன். ஒரே நிபந்தனை, மறு ஏலத்துக்கு முன்னால் காசை அவர் ஒரு முறை தட்ட வேண்டும். காலையில் பலா மரம் குலுங்குகிற சத்தம் கேட்டு ஜன்னலைத் திறந்தேன். கோளாம்பி நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"லீவுக்கு வந்த பிள்ள, ஒறங்கணுமா இருக்கும்" என்றார் மரத்திலிருந்து. "அந்தப் பக்கம் திருப்பட்டா மக்கா?"

"வேண்டாம் அண்ணே" என்றேன். "இப்படியே இருக்கட்டும்."